தாகமில்லாத செடிக்கு ஊற்றிய தண்ணீர்

தியானப் பகுதி: யோபு 2:11–13



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் குருமனைக்கு வந்திருந்த நம் சபையின் சகோதரி ஒருவர், திண்ணை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மண்தொட்டிகளைப் பார்த்தார்கள். "ஐயா, மண்ணெல்லாம் இப்படிக் காஞ்சு கெடக்கே, தண்ணி ஊத்த ஆளில்லையா?" என்று கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கும் போய்விட்டார்கள். நான் எழுந்து சென்று தடுத்தேன். "ஊற்றுவதற்கு ஆள் உண்டம்மா. ஊற்றாமல் இருப்பதற்குத்தான் எனக்கு நெடுநாள் பயிற்சி வேண்டியிருந்தது" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எனக்கு ஒரு பழைய வேதனை உண்டு. அதை இந்த வாரத் தியானத்தில் உங்கள் முன்பாக அறிக்கையிட விரும்புகிறேன்.

அந்தத் தொட்டிகளில் இருப்பது ரணகள்ளி. உங்களில் பலருடைய வீட்டிலும் அது இருக்கும். தடித்த, சதைப்பற்றுள்ள இலைகள். இலையின் ஓரமெங்கும் சிறு பற்களைப் போன்ற வெட்டுகள். குளிர்மாதங்களில் உயர்ந்த தண்டின் நுனியில் மணிகளைப்போலத் தொங்கும் பூக்கள். நம் ஊர்களில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்'. பள்ளிப் பருவத்தில் நாம் புத்தகத்துக்குள் மயிலிறகை ஒளித்துவைத்து, அது குட்டிபோடும் என்று காத்திருந்தோம். மயிலிறகு நம்மை ஏமாற்றியது. இந்த இலையோ ஏமாற்றவில்லை. தண்ணீரும் மண்ணும் இல்லாமல், புத்தகத்தின் நடுவே கிடந்தபடியே, அது தன் ஓரங்களிலிருந்து சின்னஞ்சிறு செடிகளைப் பிறப்பித்தது.

நான் முன்பு ஊழியம் செய்த சேகரத்தில், ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சென்றபோது அந்த வீட்டார் எனக்கு இந்தச் செடியை ஒரு தொட்டியோடு கொடுத்தார்கள். நான் அதை மிகுந்த அன்போடு ஏற்றுக்கொண்டேன். எவ்வளவு அன்பு என்றால், ஒவ்வொரு நாளும் அதிகாலை ஜெபம் முடிந்தவுடன் முதல் வேலையாக அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். தரை நனையாதபடி தொட்டியின் அடியில் ஒரு தட்டும் வைத்திருந்தேன். அந்தத் தட்டில் எப்பொழுதும் தண்ணீர் தேங்கி நின்றது. நல்லதுதான், செடிக்குத் தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளும் என்று எண்ணினேன்.

சில வாரங்களில் அடி இலைகள் மஞ்சளித்தன. பிறகு அவை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி ஆகி, தொட்டால் குழைந்தன. செடி தலை சாய்ந்தது. வாடிய செடியைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? தண்ணீர் ஊற்றுவோம். நானும் அதையே செய்தேன். காலையில் ஒரு செம்பு ஊற்றியவன், மாலையிலும் ஒரு செம்பு ஊற்றலானேன்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் கவனிக்கவேண்டும். தண்ணீர் போதாத செடியும் வாடும். தண்ணீர் மிஞ்சிய செடியும் வாடும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளிலெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப இயலாது. ஆகவே தண்ணீருக்குள் நின்றுகொண்டே அந்தச் செடி வாடுகிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது தாகமாகத் தெரிகிறது. அவன் இரக்கங்கொண்டு இன்னும் ஊற்றுகிறான். அவனுடைய இரக்கமே அதற்கு எமனாகிறது.

அதே நாட்களில் எங்கள் சபையில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. ஐப்பசி மழையில் ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. பதினேழு வயது மகன் ஒருவன் நண்பர்களோடு குளிக்கச் சென்றான், உயிரோடு திரும்பவில்லை. ஞாயிறு பள்ளியில் எனக்கு முன்பாக வசனம் ஒப்பித்து வளர்ந்த பிள்ளை அவன். அந்தத் தாயின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அடக்க ஆராதனை முடிந்த மறுநாள் மாலையிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஒரு நாளும் தவறவில்லை. போகும்போதெல்லாம் வேதத்தைத் திறந்தேன். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று விளக்கினேன். மகிமையின் நாளில் மகனைக் காண்பீர்கள் என்றேன். எல்லாம் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்றேன். நான் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நான் முழு மனதோடு விசுவாசிக்கிற சத்தியங்கள். அந்தத் தாய் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதில் வராது. பதில் வராததைக் கண்டு, என் வார்த்தை இன்னும் போதவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அடுத்த நாள் இன்னும் நீளமான வசனப் பகுதியோடு போனேன்.

இரண்டாம் வாரத்தின் முடிவில், "அவ தூங்குதா ஐயா" என்று கணவர் வாசலிலேயே சொன்னார். மூன்றாம் வாரத்தில் வாசல் விளக்கு எரியவில்லை. கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. ஆராதனைக்கும் அந்தக் குடும்பம் வரவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது, கேரல் குழு போனபோதும் அந்தக் கதவு திறக்கவில்லை என்றார்கள். நான் வருந்தினேன். வருத்தத்தின் அடியில், வெளியே சொல்ல வெட்கப்படும் ஒரு எண்ணமும் எனக்குள் இருந்தது: 'இந்தச் சகோதரியின் விசுவாசம் இவ்வளவுதானா?' ஆம், பிரியமானவர்களே, அவர்களுடைய மேய்ப்பனாகிய நான் அப்படி எண்ணினேன். இதைத்தான் முதலில் அறிக்கையிட வேண்டும் என்றிருந்தேன்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் காலை, வழக்கம்போல் செம்போடு செடியண்டையில் நின்றிருந்தேன். எங்கள் கோயில்குட்டியார் மணி அடித்துவிட்டுக் குருமனைப் பக்கமாக வந்தார். தோட்டவேலையில் கைதேர்ந்த முதியவர் அவர். செடியைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, அது தண்ணி கேட்டுச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"செடி தண்ணி கேட்டுச்சா, இல்ல நீங்களா ஊத்துனீங்களான்னு கேக்கேன்."

"வாடியிருக்கிறதே, அதனால்தான்" என்றேன்.

அவர் தொட்டியைச் சாய்த்து, தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் செடி கையோடு வந்தது. வேர் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த கூழ், அழுகல் நாற்றம். "மண்ணத் தொட்டுப் பாத்தியளா ஐயா? ஒரு தடவ வெரல விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இது தாகத்துல வாடல. மூச்சு முட்டி வாடிட்டு" என்றார்.

நான் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றியவன். ஒரு நாளாவது மண்ணைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கோயில்குட்டியார் உச்சியில் கெடாமல் இருந்த இரண்டு இலைகளைக் கிள்ளியெடுத்தார். ஒரு பழைய தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, இலைகளை அதன்மேல் வைத்து, வெயில் நேராகப் படாத ஜன்னல் ஓரத்தில் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் செம்பை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்தார். "வேண்டாம் ஐயா. காயம் காயட்டும். பச்சப் புண்ணுல தண்ணி பட்டா அழுகிப்போகும். அதுக்கு வேண்டியத அது உள்ளுக்குள்ளயே வச்சிருக்கு. நீங்க சும்மா பாத்துக்கிட்டிருந்தாப் போதும்."

காயம் காயட்டும். அந்த நாள் முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை. மாலையில் அந்த வீட்டுக்குப் புறப்பட வேதத்தைக் கையிலெடுத்தவன், மீண்டும் உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு இந்தச் செடியைப் பற்றித் தேடிப் படித்தேன். இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. மழையில்லாத நாட்களைத் தாங்கும்படி, இந்தச் செடி கிடைத்த தண்ணீரைத் தன் தடித்த இலைகளில் சேமித்து வைத்துக்கொள்ளுகிறது. இலைகளில் சுவாசத் துளைகள் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் அவற்றைத் திறந்து காற்றை உட்கொள்ளும். அப்படித் திறக்கும்போது உள்ளிருக்கும் ஈரமும் வெயிலில் ஆவியாகிவிடும். ரணகள்ளியோ பகலின் வெப்பத்தில் அந்தத் துளைகளை மூடிக்கொள்ளுகிறது. இரவு வந்து குளிர்ந்தபின்தான் திறந்து, கரியமில வாயுவை உள்ளிழுத்து, அதை ஓர் அமிலமாக மாற்றி இலைக்குள் வைத்துக்கொள்ளுகிறது. மறுநாள் கதிரவன் எழும்போது, கதவுகளை அடைத்துவிட்டு, இரவில் சேர்த்ததைக்கொண்டு தன் உணவைத் தயாரிக்கிறது.

இதன் முதல் அடையாளத்தைக் கண்டு எழுதியவர்களில் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்த ஒரு மிஷனரி என்று அறிந்தபோது வியந்தேன். 1770-இல் ஜெர்மனியில் பிறந்த பெஞ்சமின் ஹைன், மொரேவிய சபையைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ்ச் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றி, 1819-இல் சென்னையிலேயே மரித்தார். இந்தச் செடியின் இலையை அவர் ஒரே நாளில் வெவ்வேறு வேளைகளில் சுவைத்துப் பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றுக் கசந்தது. அதை அவர் ஒரு கடிதத்தில் எழுத, 1815-இல் இலண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. இரவு முழுவதும் இலை சேர்த்துவைத்த அமிலமே காலையின் அந்தப் புளிப்பு. அதன் காரணம் முழுமையாக விளங்க அறிஞர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சென்றது.

(அவர் சுவைத்தாரே என்று நீங்கள் சுவைக்க வேண்டாம். சிறுநீரகக் கல்லுக்கு இந்த இலையைத் தின்னும் வழக்கம் நம்மிடையே உண்டு. இச்செடியில் இருதயத்தைப் பாதிக்கும் பொருட்களும் உண்டு. இதை மேய்ந்து மாடுகள் நோயுறுவதுண்டு. மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளாதிருங்கள்.)

பகலில் வந்து பார்க்கிறவனுக்கு மூடிய கதவு. ஒருவரும் காணாத இரவிலோ திறந்த வாய். இதைப் படித்த இரவில் நான் அந்தத் தாயை நினைத்தேன். தாழிடப்பட்ட கதவைக் கண்டு, உள்ளே ஜீவன் இல்லை என்று முடிவுகட்டியவன் நான். உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

யோபுவின் புத்தகத்தை மீண்டும் திறந்தேன். அவனுடைய மூன்று சிநேகிதரைப் பற்றி நாம் எப்போதும் குறைவாகவே பேசுகிறோம். ஆனால் அவர்கள் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து வந்தார்கள். யோபுவின் கோலத்தைக் கண்டு சத்தமிட்டு அழுதார்கள். பிறகு ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதராயிருந்தார்கள். யோபு புலம்பத் தொடங்கியபோதுதான் அவர்களால் பொறுக்கமுடியவில்லை. விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது. புலம்பியவனையோ கர்த்தர் தம் தாசன் என்று அழைத்தார். நானும் ஏழு நாள் மட்டும் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும்! நான் முதல் நாளே எட்டாம் நாளுக்குப் போய்விட்டேன்.

சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்திருந்த எலியாவை நினைத்துப்பாருங்கள். தேவன் அவனிடத்தில் ஒரு தூதனை அனுப்பினார். அந்தத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட ஓர் அடையும், ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா புசித்து, குடித்து, மீண்டும் படுத்துக்கொண்டான். தூதன் அவனைக் கடிந்துகொள்ளாமல் தூங்கவிட்டு, இரண்டாந்தரம் வந்து தொட்டு எழுப்பினான். வனாந்தரத்தில் தேவன் கொடுத்தது ஒரு குவளைத் தண்ணீர். எலியாவின் தாகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஆண்டவரும் தம் சீஷரிடத்தில் அப்படியே நடந்துகொண்டார். தாம் பிடிக்கப்பட்ட அதே இரவில், சொல்லவேண்டியவை இன்னும் மிகுதியாக இருந்தும், அவற்றை அவர்கள் இப்பொழுது தாங்கமாட்டார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார் என்று யோவான் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சத்தியமே உருவானவர், சத்தியத்தையும் அளந்து கொடுத்தார். கேட்கிறவனுடைய பெலனை அறிந்து பேசினார். சத்தியத்தை அளவின்றி ஊற்றுவதே உண்மையுள்ள ஊழியம் என்று எண்ணியிருந்த எனக்கு அந்த வசனம் கடிந்துகொள்ளுதலாயிருந்தது.

அதன்பின் நான் அந்த வீட்டுக்குப் பிரசங்கத்தோடு போகவில்லை. என் மனைவி மட்டும் சனிக்கிழமைதோறும் போய்வந்தாள். சில நாள் முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். சில நாள் துணிகளை மடித்து வைத்தாள். இருவருக்கும் அதிகப் பேச்சில்லை என்றாள். நான் தெருவில் அந்தச் சகோதரரைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் நிற்பேன், அவ்வளவுதான். ஜெபத்தை மட்டும் விடவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குச் சொல்வதைவிடக் கடினமாயிருந்தது.

ஜன்னல் ஓரத்து இலைகளையும் நாள்தோறும் பார்த்துவந்தேன். கிள்ளிய இடம் காய்ந்து பழுப்பேறி மூடிக்கொண்டது. இரண்டாம் வாரத்தில், இலையோர வெட்டுகளில் நூல்போன்ற வெண்ணிற வேர்கள் தோன்றின. பின்பு கடுகளவான இரண்டிரண்டு இலைகள். நான் ஒரு துளித் தண்ணீரும் கொடுக்கவில்லை. தாயிலை தன்னுள் இருந்த ஈரத்தைக் கொடுத்து அவற்றை வளர்த்தது. வேர்கள் மணலைத் தேடி இறங்கியபிறகே, கோயில்குட்டியார் ஒரு கை தண்ணீர் தெளிக்கச் சொன்னார். "இப்பக் கேக்கு ஐயா, இப்பக் குடுங்க" என்றார்.

அந்த ஆண்டு பெரிய வெள்ளி மும்மணித் தியானத்தின்போது, ஆலயத்தின் பக்கவாசல் வழியாக அந்தத் தாய் உள்ளே வந்தார்கள். கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சிலுவையண்டையில் நின்ற மரியாளைப் பற்றி நான் பேசவேண்டியிருந்தது. ஆயத்தம் செய்திருந்த பக்கங்கள் பல இருந்தன. அவற்றில் பாதியை வாசிக்காமல் மூடிவைத்தேன். மகன் மரித்துக்கொண்டிருக்கிறான், தாய் நிற்கிறாள், வேதம் அவளுடைய வாயில் ஒரு வார்த்தையையும் வைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தேன். முடிந்ததும் அவர்கள் யாரிடமும் பேசாமல் போய்விட்டார்கள். நானும் பின்தொடரவில்லை.

சில மாதங்கள் கழித்து, குருமனைத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்களே என்னிடத்தில் பேசினார்கள். அந்த வார்த்தைகளை இன்றும் மறக்கவில்லை.

"ஐயா, நீங்க சொன்னது எதுவும் தப்பில்ல. ஆனா நீங்க வசனம் சொல்லச்சொல்ல, நான் அழக்கூடாதோன்னு எனக்குத் தோணிச்சு. அழுதா விசுவாசம் இல்லாதவன்னு ஆயிருமோன்னு பயந்தேன். அதான் கதவச் சாத்துனேன். ராத்திரி எல்லாரும் தூங்குனப்பொறம் எந்திரிச்சு உக்காந்து ஆண்டவர்ட்ட சண்டபோடுவேன். ஒரு ராத்திரிகூட விடல. பகல்ல எனக்கு ஜெபம் வரல ஐயா. ராத்திரிதான் வந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவே. அந்த இரவுகளிலெல்லாம், 'இவர்களுடைய விசுவாசம் இவ்வளவுதானா' என்று எண்ணியபடி நான் உறங்கிக்கொண்டிருந்தேன். அவர்களோ விழித்திருந்து தேவனோடு போராடிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபு போராடியதும் இரவில்தானே?

பிரியமானவர்களே, இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதிருங்கள். துக்கத்திலிருப்பவர்களைத் தனியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் மிஞ்சிச் சாவதைப்போலவே, மறக்கப்பட்டுச் சாகும் செடிகளும் உண்டு. வறண்ட மண்ணில் மாதக்கணக்கில் கிடந்தால் ரணகள்ளியின் இலையும் சுருங்கிப்போகும். 'அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கவேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு நம் சோம்பலை மறைத்துக்கொள்ளுவது அன்பாகாது.

இன்று என் திண்ணையிலுள்ள செடிகளை நான் எப்படிப் பராமரிக்கிறேன் என்று சொல்லுகிறேன். தோட்டமண்ணோடு சமபங்கு மணல் கலந்திருக்கிறேன். தொட்டியின் அடியில் துவாரம் இருக்கிறது; தட்டு இல்லை. காலை வெயில் அவற்றின்மேல் படுகிறது. அடைமழைக் காலத்தில் அவற்றைக் கூரைக்குள் நகர்த்துகிறேன். ஒவ்வொரு நாளும் அவற்றண்டையில் சென்று நின்று பார்க்கிறேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். உள்ளே ஈரம் இருந்தால் திரும்பிவிடுகிறேன். முற்றும் காய்ந்திருந்தால், அடித்துவாரத்தில் வழியுமட்டும் நன்றாக ஊற்றுகிறேன். மீண்டும் காயும்வரை காத்திருக்கிறேன். நாள்தோறும் பார்ப்பேன், நாள்தோறும் ஊற்றமாட்டேன். அன்றைக்கு நான் நாள்தோறும் ஊற்றினேன். ஒரு நாளும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். தேர்வில் தோற்று, அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மகன். திருமணம் தள்ளிப்போய், உறவினர் வந்தால் சமையலறைக்குள் மறையும் மகள். மனைவியை அடக்கம்பண்ணிவிட்டு, பேச்சுக் குறைந்துபோன தகப்பன். அவர்கள் வாடியிருப்பதைக் கண்டு நாம் புத்திமதியை ஊற்றுகிறோம். வாட்டம் தீராததைக் கண்டு இன்னும் அதிகமாக ஊற்றுகிறோம். இந்த வாரம் அவர்களண்டையில் போங்கள். போய் உட்காருங்கள். வாய் திறக்குமுன், எங்கள் கோயில்குட்டியார் கேட்ட கேள்வியை உங்கள் உள்ளத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: அது தண்ணீர் கேட்டதா?

அவர்கள் கேட்கும் நாள் வரும். அந்த நாளில் கொடுப்பதற்கு உங்களிடத்தில் வசனமும் இருக்கட்டும், நேரமும் இருக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் முதலாம் ஆண்டு நினைவுநாளில் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மற்றக் கல்லறைகளில் மாலைகள் காய்ந்து கிடந்தன. அவனுடைய தலைமாட்டில் ஒரு சிறு மண்தொட்டி இருந்தது. அதில் ரணகள்ளி. என் மனைவி சனிக்கிழமைகளில் போய்வந்தபோது, ஒரு நாள் ஜன்னல் ஓரத்துக் குட்டிகளில் ஒன்றை எடுத்துச்சென்று கொடுத்திருக்கிறாள். எனக்கே அது தெரியாது. "மாலை போட்டா மறுநாளே வாடிருது ஐயா. இது நான் வராத நாளும் இருக்கும்" என்றார்கள் அந்தத் தாய். நான் ஜெபிக்கச் சென்றவன். "நீங்கள் ஜெபியுங்களம்மா" என்றேன். அவர்கள் ஜெபித்தார்கள். பட்டப்பகலில், சத்தமாக, அழுகையோடு ஜெபித்தார்கள்.

நான் இந்தச் சேகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது, அந்தக் கல்லறைத் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கேட்டு வாங்கி, என் வேதாகமத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் திண்ணையில் காணும் செடிகள் அனைத்தும் அந்த ஓர் இலையின் பிள்ளைகள். ஆகையால் அவற்றின் மண் காய்ந்திருக்கக் கண்டால் கலங்காதிருங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் ஒவ்வொருவருடைய தாகத்தின் அளவையும் அறிந்தவரே, நாங்கள் அறியாமல் அளவுக்கு மிஞ்சி ஊற்றிக் காயப்படுத்தினவர்களிடத்தில் எங்களுக்கு மன்னிப்பு அருளும். துக்கிக்கிறவர்களோடு உட்கார்ந்திருக்கும் பொறுமையையும், அவர்கள் கேட்கும் வேளையில் கொடுக்கும் ஆயத்தத்தையும் எங்களுக்குத் தாரும். இன்றிரவு ஒருவரும் காணாமல் உம்மோடு போராடுகிற பிள்ளைகளின் அருகில் நீரே இரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.